கித்துல்கலைக் கரையிலே

மார்கழி பிறந்துவிட்டால் எனக்கு ஒரு வேலை வந்து சேரும். கணக்குக் கொப்பி ஒன்றை எடுத்து, வருகின்ற ஆண்டிலே பார்க்க ஆவலுற்றிருக்கும் படங்களின் பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வைப்பேன். பள்ளிக்கூட நாட்களிலே தொற்றிக்கொண்ட பழக்கம் இது. அந்நாளில் இந்தியாவிலிருந்து வரும் சினிமாப் பத்திரிகைகளின் விளம்பரப் பக்கங்களைப் பார்த்தே பட்டியல் தயாராகும். இந்நாளிலோ கைத்தொலைபேசியைத் திறந்தால் முன்னோட்டங்கள் தாமாகவே வந்து குவிகின்றன. எழுதி வைத்த படங்களிற் பாதி குறித்த ஆண்டில் வருவதில்லை. வந்தவற்றிற் பாதி வராமலே இருந்திருக்கலாம். ஆயினும் பழக்கம் விடவில்லை. படத்தைப் பார்ப்பதைக் காட்டிலும் வரப்போகும் படத்தை நினைத்துக்கொண்டிருப்பதே சினிமா அபிமானிக்குப் பெரிய சுகம். 'பொன்னியின் செல்வ'னைக் கல்கியிலே தொடராக வாசித்தவர்கள், அது எப்போது படமாகும் என்று 1950ஆம் ஆண்டுகளிலேயே எதிர்பார்க்கத் தொடங்கினார்கள். படம் வந்தது 2022இல். அதுவரை காத்திருந்தவர்களிற் பலர் அதைப் பார்க்க இருக்கவில்லை.

என் கொப்பியின் முதலாவது வரியில் மட்டும் பல வருடங்களாக ஒரே படம் நிற்கிறது. அதற்குப் பெயரில்லை. நடிகர் யார், நெறியாளர் யார் என்பதும் இல்லை. அது ஏன் அவ்விடத்தில் நிற்கிறது என்பதைச் சொல்ல வேண்டுமானால், வாசகர்களைக் கித்துல்கலைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

புறக்கோட்டையிலே ஹற்றன் பஸ்ஸில் ஏறினால் கித்துல்கலை ஏறக்குறைய 90 கிலோமீற்றர் தூரம். அவிசாவளை வரையுள்ள வழியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை; நெரிசலும் புகையுமே. அதன் பின்னர் காற்று மாறுகிறது. இறப்பர் மரங்கள் வரிசை வரிசையாக நின்று நிழல் தருகின்றன. எட்டியாந்தோட்டையைத் தாண்டியதும் களனி கங்கை தெருவோடு கூடிக்கொள்கிறது. ஒரு வளைவிலே மறைந்து மறு வளைவிலே முகங்காட்டி, கொழும்பருகே நாம் காணும் அந்தக் கலங்கிய சோம்பல் ஆறு தானா இது என்று ஐயுற வைக்கிறது. பாறைகளின்மேல் நுரை கக்கிக்கொண்டு ஓடுகிறது.

மஸ்கெலி ஓயாவும் கெகல்கமு ஓயாவும் கூடியே களனி கங்கையாகின்றன. அவ்விரண்டும் தேயிலை மலைகளிற் பிறந்தவை. காசல்றீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களைத் தாண்டி, மின்நிலையங்களின் சக்கரங்களைச் சுழற்றிவிட்டு, இங்கே இறங்குகின்றன. எங்கள் மலையகத் தோட்டங்களின் மழையெல்லாம் இவ்வழியாகவே கடலுக்குப் போகிறது. மழைக்கும் இவ்வூரிலே குறைவில்லை. நான் இறங்கியபோதும் பெய்துகொண்டிருந்தது. குடையை விரித்தால் நின்றுவிடும், மடித்தாற் பெய்யும்.

கித்துள் பனையின் பெயரைத் தாங்கிய ஊர் இது. கடைகளிலே கித்துள் பாணி போத்தல்களில் நிற்கிறது. அதற்கு மேலாக இப்போது தெருவெங்கும் இறப்பர்ப் படகுச் சவாரிக்கு அழைக்கும் பலகைகள். வெள்ளைக்காரப் பிள்ளைகளும் கொழும்புப் பிள்ளைகளும் தலைக்கவசம் அணிந்து, துடுப்புகளைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போகின்றனர். அவர்களில் எத்தனை பேருக்கு இந்த ஆற்றின் சினிமாச் சரித்திரம் தெரியுமோ! வாடிவீட்டுச் சுவர்களிலே மாத்திரம் அந்தப் பழைய புகைப்படங்கள் சட்டத்துக்குள்ளே தொங்குகின்றன.

பிரதான தெருவிலிருந்து ஒரு பலகை வழிகாட்டுகிறது. வீடுகளுக்கிடையே இறங்கும் ஒற்றையடிப் பாதை, வழுக்கும் படிகள், அப்பால் ஆறு. பாலம் இருந்த இடத்திற் பாலம் இல்லை. பாறையோடு பாறையாக, அடித்தளமிட்ட கொங்கிறீற்றுத் துண்டுகள் மட்டும் பாசி படிந்து கிடக்கின்றன. காட்டித் தர ஆளில்லாவிட்டால் மிதித்துக்கொண்டே போய்விடுவோம். உலகெங்கும் கோடிக்கணக்கானோர் வெள்ளித்திரையிற் கண்ட க்வாய் நதிப் பாலம் நின்றது இங்கேதான்.

பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூல் 1952இல் எழுதிய நாவலை, சாம் ஸ்பீகல் தயாரிக்க டேவிட் லீன் நெறியாண்டார். கதை நிகழ்வது சீயம் நாட்டில். யப்பானியரிடம் சிறைப்பட்ட பிரித்தானியப் போர்வீரர் புகையிரதப் பாதைக்காக ஒரு பாலம் கட்டுகிறார்கள். அவர்களுடைய கேணலோ அது பகைவனுக்குரிய பாலம் என்பதையும் மறந்து அதன்மீது மோகங் கொண்டுவிடுகிறார். இக்கதைக்கு ஏற்ற ஆறும் காடும் தேடியவர்கள் இலங்கையைத் தெரிந்தெடுத்தார்கள். 1956ஆம் ஆண்டின் இறுதியிற் படப்பிடிப்பு தொடங்கிற்று. கல்கிசை ஹோட்டல் படத்திலே வைத்தியசாலையாயிற்று. பேராதனைப் பூந்தோட்டம் படை முகாமாயிற்று. கித்துல்கலையில் 425 அடி நீளமும் 90 அடி உயரமும் கொண்ட மரப்பாலம் எழும்பியது. 1500 மரங்கள் வெட்டப்பட்டன என்றும் 48 யானைகள் அவற்றை இழுத்தன என்றும் பட விளம்பரங்கள் கூறின. விளம்பரக்காரர்களின் எண்களை நான் முழுவதும் நம்புவதில்லை. ஆனால் யானைகள் இழுத்ததும் பாலம் எழுந்ததும் மெய்.

ஆற்றோரத் தேநீர்க் கடையிலே முதியவர் ஒருவரைச் சந்தித்தேன். சிங்களவர், தோட்டத்து மக்களோடு பழகிய பழக்கத்தால் நன்றாகவே தமிழ் பேசினார். அவருடைய தகப்பனார் பாலத்துக்கு மரம் வெட்டியவர்களில் ஒருவராம். "வெள்ளைக்கார தொரமாரு சம்பளம் நல்லா குடுத்தாங்க. பாலத்த ஒடைக்கத்தான் கட்டுறாங்கன்னு ஊர்ல யாரும் நம்பல" என்றார். பின்னர் படம் வந்தபோது ஊரே திரண்டு பார்க்கப் போனதாம். நடிகர்களை யாரும் கவனிக்கவில்லை. "அந்தா நம்ம ஆறு, அந்தா நம்ம கல்லு" என்று கை தட்டினார்களாம். பாலம் வெடித்து வீழ்ந்தபோது தகப்பனார் ஒன்றும் பேசாமல் இருந்தாராம்.

அந்த வெடிப்பே ஒரு தனிக் கதை. 1957 மார்ச் மாதத்தில், பிரதம மந்திரி பண்டாரநாயக்கா அவர்களும் பிரமுகர்களும் பார்த்திருக்க, புகையிரதம் பாலத்தை நோக்கி விடப்பட்டது. கமராக்காரர் ஒருவர் பாதுகாப்பான இடத்துக்கு வந்து சேரவில்லை என்பதால், வெடி வைப்பதை லீன் நிறுத்திவிட்டார். ஓட்டுநரில்லாத வண்டியோ பாலத்தைக் கடந்து, அக்கரையில் நின்ற மின்பிறப்பாக்கியில் மோதிற்று. மறுநாள் அதைச் செப்பனிட்டு மீண்டும் ஓட விட்டார்கள். பாலமும் வண்டியும் ஒரு நொடியில் ஆற்றில் வீழ்ந்தன. சுயெஸ் நெருக்கடி காரணமாகப் படச் சுருள்களைக் கப்பலில் அனுப்ப முடியாமல் விமானத்தில் அனுப்பினார்களாம். அவை வழியிலே காணாமற்போய், ஒரு வாரத்தின் பின் கைரோ விமான நிலையத்து வெயிலிற் கிடக்கக் கண்டெடுத்தார்களாம். அப்படியிருந்தும் படம் பழுதாகவில்லை. களனியும் சும்மா இருக்கவில்லை. ஒரு நாள் லீனையே வெள்ளம் இழுத்துக்கொண்டு போக, இளம் நடிகர் ஜெப்றி ஹோர்ன் நீந்திச் சென்று காப்பாற்றினார்.

இந்தப் படப்பிடிப்பைப் பாடசாலைச் சுற்றுலாவில் வந்து வேடிக்கை பார்த்த பையன்களுள் ஒருவன் மட்டக்களப்பு அமிர்தகழியைச் சேர்ந்தவன். டேவிட் லீன் "மழை" என்று உரக்கக் கூவியதும் மழை கொட்டியது. மனிதன் சொல்ல மழை பெய்கிறதே என்று வியந்த அப்பையன், தானும் ஒரு நாள் அவ்வாறு கூவவேண்டும் என்று அன்றே முடிவு செய்துகொண்டான். பிற்காலத்திலே 'மூன்றாம் பிறை', 'வீடு' முதலிய படங்களைத் தந்த பாலு மகேந்திராவே அவர். இதை அவர் பேட்டிகளிலே பலமுறை சொல்லியிருக்கிறார். நம்மில் மற்றவர்கள் அடுத்த ஆண்டு வரும் படத்துக்காகக் காத்திருக்க, அவர் தாம் எடுக்கப்போகும் படத்துக்காகக் காத்திருக்கத் தொடங்கியது இந்தத் தீவிலேதான்.

படம் 1957 ஒக்டோபரிலே லண்டனில் வெளியாயிற்று. மறு ஆண்டில் ஏழு ஒஸ்கார் பரிசுகளைப் பெற்றது. நம் நாட்டிற் படமாக்கப்பட்டது என்ற பெருமையோடு இலங்கை மக்கள் அதை எதிர்பார்த்திருந்தார்கள்.

எங்கள் வீட்டிலும் ஒருவர் எதிர்பார்த்திருந்தார். அவர் என் தாயாரின் தகப்பனார். அவரை நாங்கள் அப்பு என்போம். யாழ்ப்பாணத்தவர் பலரைப் போல் இளவயதிலே மலாயாவுக்குச் சென்று, அங்கே றெயில்வேயிற் கிளாக்கராய் இருந்து, யுத்தம் முடிந்தபின் ஊர் திரும்பிய பென்சன்காரர். சீயத்து றெயில்பாதையைப் பற்றி இலங்கையிற் படமெடுக்கிறார்கள் என்ற செய்தி பத்திரிகையில் வந்த நாள் முதல், அது சம்பந்தமான துண்டுகளையெல்லாம் கத்தரித்துச் சேர்த்தாராம். படம் எப்போது யாழ்ப்பாணத்துக்கு வரும் என்று கொட்டகைக்காரரிடமே போய் விசாரித்தாராம். ஆங்கிலப் படங்களில் அவருக்கு அவ்வளவு ஈடுபாடு இல்லை. ஆகவே வீட்டிலே எல்லோருக்கும் ஆச்சரியம்.

படம் வந்தது. கோட்டு அணிந்து, பள்ளிக்கூடத்திற் படித்துக்கொண்டிருந்த என் தாயாரையும் அழைத்துக்கொண்டு அப்பு போனார். இரண்டரை மணி நேரத்துக்கும் மேற்பட்ட படம். போர்வீரர் சீழ்க்கையடித்தபடி அணிவகுத்து வரும் காட்சியிலே கொட்டகை முழுவதும் தானும் சீழ்க்கையடித்ததாம். அப்பு ஆடாமல் அசையாமல் இருந்தார். வெளியே வந்தும் பேசவில்லை. வீட்டுப் படலையைத் திறக்கும்போது மாத்திரம் சொன்னாராம்:

"எல்லாரையும் காட்டினாங்கள், பிள்ளை. எங்கட ஆக்களைக் காணேல்லை."

அப்பு சொன்ன "எங்கட ஆக்கள்" யாரென்பதை என் தாயார் பின்னரே அறிந்துகொண்டார். நானோ வளர்ந்தபின் நூல்களைத் தேடிப் படித்து அறிந்தேன்.

சீயத்தின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீற்றர் நீளமான அப்பாதையை யப்பானியர் 1942இலே தொடங்கி 1943 ஒக்டோபரிற் பொருத்தி முடித்தார்கள். 60,000க்கும் அதிகமான நேசநாட்டுப் போர்க்கைதிகள் அதிலே வேலை செய்தனர். அவர்களுள் 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். படத்திலே நாம் காண்பது அவர்களின் கதை. ஆனால் அவர்களைக் காட்டிலும் மிகப் பெருந்தொகையான ஆசியத் தொழிலாளர் அங்கே கொண்டுசெல்லப்பட்டனர். பர்மியர், மலாயர், யாவாக்காரர், சீனர் ஆகியோரோடு மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலே பால் வெட்டிய தமிழர்களும் பல்லாயிரவராக இருந்தனர். ஆசியத் தொழிலாளரின் தொகை 1,80,000க்குக் குறையாது என்றும், அவர்களுள் ஏறக்குறைய 90,000 பேர் இறந்தனர் என்றும் மதிப்பிடுகின்றனர். மலாயாவிலிருந்து மட்டும் சுமார் 78,000 பேர் சென்றதாக யுத்தத்தின் பின் எடுத்த கணக்கு சொல்கிறது. அவர்களிற் பெரும்பாலோர் தமிழர்.

போர்க்கைதிகளுக்கு அவர்களிடையே இருந்த இராணுவ வைத்தியர்கள் துணைநின்றார்கள், கட்டுப்பாடும் இருந்தது. தோட்டத் தொழிலாளருக்கு அவை எவையும் இல்லை. 1943ஆம் ஆண்டு மழைக்காலத்திலே வாந்திபேதி பரவியபோது முகாம் முகாமாகவே மடிந்தார்கள். யார் எங்கே இறந்தார் என்று எழுதி வைக்க ஆளில்லை. காஞ்சனபுரியிலுள்ள யுத்த மயானத்திலே ஏறக்குறைய 6,900 போர்வீரரின் கல்லறைகள் பெயர் பொறித்து, புல் வெட்டி, இன்றளவும் பேணப்படுகின்றன. ஆசியத் தொழிலாளருக்கு அப்படியொரு கல்லறை வரிசை இல்லை.

அவர்களை எப்படி அழைத்துச் சென்றார்கள் என்பதே என்னைப் போன்ற சினிமாப் பைத்தியங்களின் நெஞ்சை நெருடும் பகுதி. முதலிலே நல்ல சம்பளம், மூன்று மாத வேலை, இலவசச் சாப்பாடு என்று ஆசை காட்டினார்கள். போனவர்களிடமிருந்து கடிதம் இல்லை. பின்னர் ஆட்கள் வரவில்லை. ஆகவே பிடித்துக்கொண்டு போகத் தொடங்கினார்கள். அதற்குக் கையாண்ட உபாயங்களில் ஒன்று சினிமா. இலவசப் படக்காட்சி என்று அறிவித்து, சனங்கள் வந்து மண்டபம் நிரம்பியதும் கதவுகளைப் பூட்டி, ஆண்களை அப்படியே புகையிரதப் பெட்டிகளுக்கு ஏற்றிச் சென்றதும் உண்டு என்று அப்பாதையின் சரித்திரத்தை எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். தோட்டத்திலே ஓயாத வேலை, யுத்தகாலம், அரிசிக்கும் பஞ்சம். அப்படியான நாளில், இன்று படம் பார்க்கலாம் என்று முகங்கழுவித் தலைசீவிப் புறப்பட்டவர்களின் ஆவல் எத்தகையதாக இருந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். நானும் அப்படிப் புறப்பட்டவனல்லவா?

அப்பு ஒரு நிலையத்தில் இருந்து அந்த வண்டிகள் வடக்கே போவதைக் கண்டவர். சாமான் ஏற்றும் இரும்புப் பெட்டிகள், உள்ளே மனிதர்கள். தண்ணீர் கேட்டுத் தமிழிலே கூப்பிட்ட குரல்களை அவர் கேட்டிருக்கிறார். கிட்டப் போக விடவில்லை. இதைத் தாயாரிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாராம். அப்படத்துக்குப் பிறகு அவர் கொட்டகைப் பக்கம் போகவில்லை என்று நான் எழுதினாற் கதைக்குப் பொருத்தமாயிருக்கும். ஆனால் அது பொய். சிவாஜி படமென்றால் முதல் வாரமே போய்விடுவார். சேர்த்து வைத்த பத்திரிகைத் துண்டுகளும் அவருடைய தகரப் பெட்டியில் நெடுங்காலம் கிடந்தன. 1995இல் இடம்பெயர்ந்தபோது பெட்டியும் போய்விட்டது.

டேவிட் லீன் மீது எனக்குக் கோபம் இல்லை. அவர் எடுத்தது ஒரு பிரெஞ்சுக்காரரின் கற்பனைக் கதை. அக்கேணலைப் போன்று யப்பானியருக்கு உதவிய அதிகாரி அங்கே இருந்ததில்லை என்று, சிறையிருந்து மீண்ட பிரித்தானிய வீரர்களே படத்தைக் குறை கூறினார்கள். மெய்யான பாலமோ இரும்பிலும் கொங்கிறீற்றிலும் கட்டப்பட்டது. குண்டுவீச்சிலே சிதைந்து, யுத்தத்தின் பின் திருத்தப்பட்டு நிற்கிறது. அது நின்றது மேக்லோங் ஆற்றின்மீது. படம் பார்த்தவர்கள் வந்து க்வாய் நதி எங்கே என்று கேட்கவே, 1960இல் ஆற்றின் அப்பகுதிக்கே க்வாய் என்ற பெயரைச் சூட்டிவிட்டார்கள். ஓர் ஆற்றின் பெயரை மாற்ற வல்ல படம், அங்கே இறந்தவர்களிற் பெரும்பகுதியினரை மறக்கச் செய்துவிடவும் வல்லதல்லவா? இன்னொன்றும் சொல்வார்கள். வெள்ளைக்காரத் துணை நடிகர்கள் போதாமையால், நம் நாட்டவர் சிலருக்கு வெள்ளைப் பூச்சுப் பூசிப் பின்வரிசைகளிலே பிரித்தானியக் கைதிகளாக நிறுத்தினார்களாம்.

மலேசியத் தமிழர் தம்மவரை மறக்கவில்லை. ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்ற நாவலை எழுதினார். ஆவணப்படமும் வந்திருக்கிறது. 2023 மே மாதத்திலே காஞ்சனபுரியில் ஒரு விகாரை வளவிலே தமிழர் நினைவாக நடுகல் நாட்டப்பட்டது. ஆனால் யாழ்ப்பாணத்துக் கொட்டகையிலே அப்பு தேடிய அந்தப் பெரிய படத்தை நான் இன்னும் காணவில்லை. இறப்பர்த் தோட்டத்து லயத்திலே தொடங்கி, பூட்டிய மண்டபத்தையும் இரும்புப் பெட்டியையும் கடந்து, மழைக்காட்டிற் போய் முடிகின்ற படம். அதை எடுக்க ஆறு வேண்டுமானால் களனி இருக்கிறது. காடும் மழையும் இருக்கின்றன. தோட்டங்களும் இருக்கின்றன. பாட்டும் சண்டையும் வேண்டுமென்று கேட்கும் தயாரிப்பாளரை நினைத்தால் மட்டுமே எனக்குப் பயமாயிருக்கிறது.

மாலை நான்கு மணிக்கு மீண்டும் மழை பிடித்தது. கொங்கிறீற்றுத் துண்டின்மேல் நின்று ஆற்றைப் பார்த்தேன். இறப்பர்ப் படகு ஒன்று கூச்சலோடு பாறைகளுக்கிடையே வழுக்கிக்கொண்டு போயிற்று. தேநீர்க் கடை முதியவர் தெருவரை வந்து, கொழும்பு பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏற்றிவிட்டார்.

ஹற்றனிலிருந்து வந்த பஸ். இருக்க இடமில்லை. மடியிலே பைகளோடு தோட்டத்துக் குடும்பமொன்று இருந்தது. மூத்த பையன் கைத்தொலைபேசியிலே வரப்போகும் தமிழ்ப் படமொன்றின் முன்னோட்டத்தைத் தங்கைக்குக் காட்டிக்கொண்டிருந்தான். முடிந்ததும் அவள் மறுபடி போடச் சொன்னாள். அவன் மறுபடி போட்டான். "எப்ப வரும்ணே?" என்று கேட்டாள்.

"பொங்கலுக்கு" என்றான்.